கடம்பூர்ப் பெட்டியின் ஒன்றரை மணி நேரம்

சென்ற வாரம் எங்கள் வீட்டு இணையப் பெட்டியைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். அதன் மூடியை அவர் கழற்றியதும், சூடேறிய பிளாஸ்டிக்கும் கரிசல் புழுதியும் கலந்த வாடை எழுந்தது. அவர் தும்மினார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நண்பரே, அந்த வாடை எனக்கு நல்லது எதையும் நினைவூட்டுவதில்லை. செல்லச்சாமி என்ற ஒருவரைத்தான் நினைவூட்டுகிறது. அவரை நான் வெறுத்தேன். நாள்தோறும் பூசை செய்கிறவன் இப்படிச் சொல்லலாமா என்பீர்கள். பூசையும் செய்தேன், வெறுக்கவும் வெறுத்தேன். இரண்டும் ஒரே நெஞ்சில் இடித்துக்கொள்ளாமல் இருந்தன.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணினிகள் என் பொறுப்பு. குளத்தூர், எப்போதும்வென்றான், கடம்பூர் ஆகிய மூன்று ஊர்களிலும் எங்களுக்குக் கிளைகள். அங்கிருந்து இருப்பு விவரம் தொலைபேசிக் கம்பி வழியே வரும். கம்பியையும் கணினியையும் இணைக்கக் கிளைக்கொரு ரூட்டர் பெட்டி; அதைத் திறந்தால் இதே வாடைதான். அந்தப் பெட்டிகள் இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருளை நிறுவினோம். எந்தப் பெட்டியை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, என்ன கேட்க வேண்டும் என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிவைத்தால் போதும். அது சலிக்காமல் கேட்கும், வந்த பதிலைப் பச்சைக் கோடாக வரையும். பதில் வராத நேரம் வெள்ளையாகக் கிடக்கும். நான் ஐந்து நிமிடம் என்று வைத்தேன். கோயிலில் நாளுக்கு ஆறு காலப் பூசை. என் எந்திரத்துக்கு இருநூற்று எண்பத்தெட்டு. இறைவன் கேளாமலே அறிகிறான், இது கேட்டு அறிகிறது, வேறுபாடு அவ்வளவே என்று அலுவலகத்தில் சொல்லித் திரிந்தேன். அந்த ஆணவத்துக்கு முதல் அடி அன்றே விழுந்தது.

பிள்ளையார் சுழி இல்லாமல் நான் எதையும் எழுதத் தொடங்குவதில்லை. விசைப்பலகையில் சுழி ஏது? சாயலில் நெருங்கியது இரண்டு என்னும் எண். கோப்பின் தலையில் அதை இட்டுவிட்டுத் தொடங்கினேன். மென்பொருள் அசையவில்லை. காலை முழுவதும் தேடினேன். முதலாளி பின்னால் வந்து நின்றுவிட்டார். கடம்பூர்க் கிளைப் பொறுப்பாளரான செல்லச்சாமி ஏதோ வேலையாக வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார், முதல் வரியை அழித்தார், உடனே ஓடியது.

“பிள்ளையாருக்கு இங்கிலீசு வராது போல அண்ணாச்சி” என்றார்.

முதலாளி சிரித்தார். தேநீர் கொண்டுவந்தவரும் சிரித்தார். செல்லச்சாமி பஞ்சாங்கத்தையும் திருநீற்றையும் கேலி செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டவர். அன்று முதல் அவர் பெயர் காதில் விழுந்தால் என் வாய் கசந்தது. எல்லா உயிரிலும் ஒருவனே உறைகிறான் என்று காலையில் மனமுருகப் பாடிவிட்டு, ஒன்பது மணிக்கு அலுவலகம் வந்ததும் கடம்பூரின் பச்சைக் கோட்டில் குறை தேடுவேன்.

சில மாதங்களில் குறை கிடைத்தது. கடம்பூர்ப் பெட்டி நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் பதில் தராமல் கிடந்தது. முதலாளியை அழைத்துத் திரையைக் காட்டினேன். மின்சாரம் போகிறது என்றார் செல்லச்சாமி. துணை மின்நிலையத்தில் விசாரித்தால், கடம்பூரில் அந்த நேரங்களில் மின்தடையே இல்லை என்றார்கள். பெட்டியை அணைத்துவிட்டு ஊர் சுற்றுகிறான் என்று முதலாளி முடிவு கட்டினார். இன்னும் ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். செல்லச்சாமிக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வெள்ளை இடைவெளிகளைக் காகிதத்தில் குறித்தேன். திங்கள் ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய் மூன்று முதல் நாலரை. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. அதற்கு மேல் நான் எழுத வேண்டியிருக்கவில்லை. மிச்ச நாள்களின் நேரமும் சுவரில் தொங்கிய நாட்காட்டித் தாளில் அச்சிட்டிருந்தது. கடம்பூர்ப் பெட்டி ராகு காலம் பார்த்துக்கொண்டிருந்தது.

பஞ்சாங்கத்தைச் சிரிப்புக்கு மட்டுமே தொட்ட செல்லச்சாமியின் கண்ணில் அது படவே படாது. கிளைக்குக் கீழ்த்தளத்தில் பருப்பு மண்டி. கட்டடமும் மண்டிக்காரருடையது; முழுக் கட்டடத்துக்குமான மெயின் சுவிட்சும் அவர் கடைக்குள் இருந்தது. அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒளிவில்லாமல் சொன்னார்.

“ஏவாரம் படுத்துட்டு அண்ணாச்சி. ஒரு மண்டலம் ராகு காலத்துல இங்கன எந்த மிசினும் ஓடப்படாதுன்னு சோசியர் சொல்லிட்டாரு. மாடியில இருக்கவன் கிட்ட சொன்னா நையாண்டி பண்ணுவான். கரண்டு எங்களுக்கும் இல்லன்னுருவேன்.”

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். எழுந்து நாலடி நடந்தால் முதலாளி அறை. நான் எழவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் எழவில்லை. அந்த மௌனம் எனக்கு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கெடு முடிந்த நாளில் செல்லச்சாமி சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்தார். முதலாளி அறையிலிருந்து வெளியேறி நேரே என் மேசைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, நமக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். நீங்க வெவரந் தெரிஞ்சவிய. நான் அணைக்கல. ஒங்களுக்கு ஏதாவது தோணுதா?”

“மிசினு பொய் சொல்லாதுல்லா” என்றேன்.

அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று மாலை அம்மன் சன்னதியில் நான் பதிகத்தைப் பாதியில் நிறுத்தினேன். பிழை பொறுத்தருள வேண்டும் என்ற இடம் வந்தது. குங்குமம் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். அப்படியும் வாய் திறக்கப் பத்து நாள் ஆயிற்று. பதினோராம் நாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சான்றைக் காட்டும் என்றார்.

என் கையால் குறித்த காகிதத்தைத் தவிரக் காட்ட ஒன்றும் இல்லை. வன்தட்டில் இடம் போதாதென்று, ஐந்து நிமிடப் பதிவுகளை எட்டு நாள் மட்டும் வைத்திருக்கவும், அதன்பின் நாளுக்கு ஒரு சராசரியாகச் சுருக்கவும் கோப்பில் எழுதியவன் நானே. எந்த மணிக்குப் பதில் நின்றது என்ற விவரம் கரைந்துவிட்டிருந்தது. செல்லச்சாமி போன அதே நாளில் சோசியர் சொன்ன நாற்பத்தெட்டு நாள் மண்டலமும் நிறைவுற்றிருந்தது. கோடு பிசிறில்லாமல் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. மண்டிக்காரரிடம் கேட்டால், மாடியை வாடகைக்கு எடுத்திருந்த எங்கள் கிளை காலி செய்துவிடுமோ என்ற அச்சத்தில், அப்படியெதுவும் இல்லை என்று கையை விரித்தார்.

“அவன் போனான், சரியாப் போச்சு. மிசினு பொய் சொல்லாதுன்னு நீருதானய்யா சொன்னீரு” என்றார் முதலாளி. நான் பெரிய மனதுக்காரன், அவன்மேல் இரங்கி இப்படிச் சொல்கிறேன் என்று பிறரிடம் என்னைப் பாராட்டினாராம்.

செல்லச்சாமி திருப்பூருக்குப் போனதாகக் கேள்வி. முகவரி விசாரித்தேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் போயிருப்பேனா என்று இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. பிறகு கிளைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். ஆனால் அதற்கு முன்பே மறைந்த ஒன்று உண்டு. கடந்த ஓராண்டை மட்டும் காட்டும்படி மென்பொருள் வரைந்த படத்தில் அந்த நாற்பத்தெட்டு நாள், நகக்கண் அளவு ஆழமற்ற ஒரு பள்ளமாக மிஞ்சியிருந்தது. நாளொரு புள்ளியாக அது இடப்பக்கம் நகர்ந்தது. காலைதோறும் பார்த்தேன். ஓராண்டு முடிந்த ஒரு நாள் பார்க்கையில், அது படத்தின் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது.