பொட்டு வைத்த கைப்பேசி

ஏழாம் வகுப்பில், தூங்கிக்கொண்டிருந்த என் கணக்கு ஆசிரியரை நான் கைப்பேசியில் படம் பிடித்தேன். எங்கள் சின்னத் தனியார் பள்ளிக்குள் கைப்பேசியே கூடாது. அதுவும் அது அப்பாவுடையது.

ஒரகடம் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே யாரும் படம் எடுத்துவிடக் கூடாதென்று, எல்லோருடைய கைப்பேசியிலும் கேமரா மேல் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். அது கிழிந்திருந்தால் விசாரணை. அப்பாவைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த விசாரணைகூடக் கிடையாது, நேரே வீடுதான்.

நைட் ஷிப்ட் முடிந்து அப்பா உறங்கிய ஒரு பகலில் அதைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சார் வழக்கம்போல் ஒரு கணக்கைப் போடச் சொல்லிவிட்டு, நாற்காலியில் வாய் பிளந்து தூங்கினார். ஸ்டிக்கரை உரித்தேன். படம் பிரமாதமாக வந்தது. கைப்பேசி கடைசி பெஞ்சு வரை போய், எல்லோரையும் குலுங்கிச் சிரிக்க வைத்துவிட்டுத் திரும்பியது. ஸ்டிக்கர்தான் மறுபடி ஒட்டவில்லை. மாலையில் அம்மாவின் கண்ணாடியிலிருந்து பெரிய கறுப்புப் பொட்டாகப் பார்த்து எடுத்து, கேமரா மேல் ஒட்டினேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“இன்னாடா பண்ணி வச்சிக்கீற? போனுக்குப் பொட்டு வச்சியே, பூ வைக்க மறந்துட்டியா? என் வேலையே போயிருக்கும்டா!”

“போகலையே?” என்றாள் அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல்.

“கேட்ல நிக்கிற செக்யூரிட்டி யாருன்ற? இவனோட கணக்கு சாரு! ராத்திரில அங்க வேலை பாக்குறாராம். பொட்டைப் பிச்சாரு, போனைத் தொறந்தா அவரு படமே வாயைத் தொறந்துகினு கீது. ‘உங்க பையன் என் கிளாஸா?’ன்னாரு. அவரே அழிச்சிட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டி, உள்ள போங்கன்னுட்டாரு.”

வகுப்பில் சார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. பதிலுக்கு ஓர் ஏற்பாடு செய்தேன். அவர் கண்ணயர்ந்ததும் எழுந்து நின்று, உதட்டில் விரல் வைத்து வகுப்பை அடக்கினேன். மீறிப் பேசியவனுக்கு என் பங்கு முறுக்கைக் கொடுத்து வாயை அடைத்தேன். சார் சுகமாகத் தூங்கினார்.

அதுதான் வினையாயிற்று. ஏழாம் வகுப்பு இவ்வளவு அமைதியாக இருக்க நியாயமில்லையே என்று சந்தேகப்பட்டு, தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். அன்று மாலையே சாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நான் அழவில்லை. இனிமேல் சார் பகல் முழுக்க வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்கலாம் என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.