வழிக்குறிப்பில் ஒரு தோட்டம்

விடுமுறை நாளில் வீட்டில் கிடந்து தூங்க வேண்டும் என்பது என் கட்சி. என் மனைவி எதிர்க்கட்சி. கோயம்புத்தூரில் கடைத்தெருவுக்குள் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் குன்னூர்ப் பக்கம் என் தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகுதான் மலையைக் கிட்டத்தில் பார்த்தாள். பார்த்தவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். முணுமுணுத்துக்கொண்டே கேமராவைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன்.

அப்போது நடைப்பிரியர்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு கையேடு தொடங்கியிருந்தார்கள். நீலகிரியில் காலால் போகக்கூடிய வழிகளை, போய்வந்தவர்களே எழுதிச் சேர்ப்பது. சம்பளம் கிடையாது, பெயர்கூடப் போடமாட்டார்கள். பைக்காரா, அவலாஞ்சி மாதிரி இடங்களை எல்லாரும் எழுதித் தள்ளிவிட்டதால், பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆரம்பிக்கிற தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளை நாம் எழுதுவோம் என்று என் மனைவி முடிவெடுத்தாள். குறிப்பு அவளுடையது, படம் என்னுடையது. ஸ்டூடியோவில் பிரிண்டு போட்டு, அதை ஸ்கேன் பண்ணி, பிரவுசிங் சென்டரில் காத்துக்கிடந்து அனுப்புவோம். ஒரு படம் ஏறுவதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

கையேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. அந்த வழியை அறியாத ஒருவர் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். வழியில் யாரிடமும் கேட்கக் கூடாது. போய்ச் சேர்ந்தால் அது கையேட்டில் ஏறும், சேராவிட்டால் ஏறாது. எங்கள் பக்கத்து வழிகளை அப்படி நடந்து பார்த்தவர் குன்னூரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர். டாக்டர் சீட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கொடுப்பார்; நடப்பதும் அப்படியே. "இடது பக்கம்" என்று எழுதாமல் "பக்கத்தில்" என்று எழுதிவிட்டால் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். என் மனைவிக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம் அது. பறிக்கிற கூலிக்கே இலை கட்டுப்படியாகவில்லை என்று சின்ன விவசாயிகள் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பறிக்காமல் விட்ட தேயிலை இடுப்பளவோடு நிற்காது, மரமாகப் போகத்தான் பார்க்கும். ஜெகதளாவுக்கு மேலே ஒரு சரிவில் நாங்கள் கண்டுபிடித்த பாதை அப்படிப்பட்ட தோட்டங்களுக்கு நடுவே போனது. முன்னால் போகிற மனைவியின் தலைகூடத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் ஏறினேன்.

திடீரென்று ஒரே ஒரு தோட்டம் மட்டும் மேசைபோல மட்டமாகத் தெரிந்தது. முப்பத்தைந்து வயது இருக்கக்கூடிய ஒரு பெண் முதுகில் கூடையோடு தனியாக இலை பறித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"இல்லீங்க, நடக்கத்தான் வந்தோம்."

"சும்மாவா?"

"சும்மாதானுங்க."

எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூடையை இறக்கிவைத்துவிட்டு, வாங்க, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போலாம் என்று, வளவில் பூட்டிக் கிடந்த மற்ற வீடுகளைத் தாண்டித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கணவர் திருப்பூரில் இருந்தார். தை மாதம் வந்து இவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். இவருக்குப் போக மனமில்லை. அந்தத் தோட்டத்துச் செடி அத்தனையும் கல்யாணமாகி வந்த புதிதில் இவர் கையால் நட்டவை.

கையேட்டைப் பற்றி என் மனைவி சொன்னதும் அவர் டீத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப இந்த வழியா ஆளுக வருவாங்களாங்க?"

"வந்தாலும் வருவாங்க."

"ஞாயித்துக்கெழமைக்கு நாலு பேரு வந்து டீயும் போண்டாவும் வாங்கிச் சாப்பிட்டாக்கூட, அவருகிட்டச் சொல்லி நான் இங்கயே இருந்துக்குவேனுங்க்கா. செடிய வுட்டுப்போட்டு அந்த மெசின் சத்தத்துல போயி உக்கார என்னால ஆகாதுங்க."

அந்த வழியைக் கையேட்டில் ஏற்றியே தீர வேண்டும் என்று அன்று இறங்கி வரும்போதே என் மனைவி முடிவுகட்டிவிட்டாள். பொய்யாக எழுதினால்தான் அந்தப் பெண்ணுக்கு உதவ முடியும் என்ற நிலைமை இல்லை, அது பெரிய ஆறுதல். அவர் வீட்டைத் தாண்டி ஏறினால் ஒரு சின்னச் சோலை, அதற்கு மேலே ஒரு பாறை. பாறையில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கக் காலடியில் இருக்கும். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அங்கே எடுத்ததுதான். சிக்கல் எல்லாம் கீழேதான். இலை தூக்குகிறவர்கள் நடந்து நடந்து உண்டான தடங்கள் அங்கே நாலாபக்கமும் பிரியும்; எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அடையாளம் சொல்ல ஒரு கோயில் இல்லை, ஒரு தண்ணீர்க்குழாய்கூட இல்லை.

என் மனைவி வாரா வாரம் போய் நின்று யோசித்தாள். கடைசியில் எழுதினாள்: "இருபுறமும் ஆளுயரத் தேயிலை. மட்டமாகப் பறித்த தோட்டம் ஒன்றே ஒன்று வரும். அதை ஒட்டி இடது பக்கம் ஏறவும்." படித்துவிட்டு நான் அருமை என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அவ்வளவு சுலபத்தில் வராது.

பெரியவர் எந்த ஞாயிறு வருவார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவைத்தோம். அவர் வழி கேட்கமாட்டார், நீங்களும் சொல்லக் கூடாது என்று எச்சரித்தோம். குறிப்பில் என்ன எழுதியிருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவர் நடந்துவிட்டு வந்த மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன். பெரியவர் குறிப்பை எடுத்து மேசைக் கண்ணாடிமேல் வைத்தார்.

"மட்டமான தோட்டம் மொத வளைவுலயே வந்துருச்சுங்க. எழுதுனபடி எடது பக்கம் ஏறுனேன். ஓடைல போயி நின்னுபோச்சு. திரும்பி வந்துட்டேனுங்க."

"அது வேற தோட்டமா இருக்கும். ஒண்ணுதானுங்க மட்டமா இருக்கும்."

"ஒண்ணா? எல்லாமே மட்டமாத்தானுங்க இருந்துச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வேறு ஏதோ மலையில் ஏறிவிட்டு வந்து எங்கள் வழியைக் குறை சொல்கிறீர்கள் என்று கத்தினேன். இருமல் மருந்துக்கு நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குறிப்பை மடித்து என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கினார்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தோம். அவர் சொன்னதில் பிசகே இல்லை. பாதையின் இரண்டு பக்கமும், யார் யாரோ விட்டுப்போன தோட்டங்கள் எல்லாம், கைக்கெட்டின மட்டும் இடுப்பளவுக்கு வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய கிளைகள்கூடப் பாதையில் கிடக்கவில்லை, ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பெண் வாசலுக்கு வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது.

"மொத மொத ஒருத்தர் பாக்க வர்றாரு. காடாட்டம் கெடந்தா என்னங்க நெனப்பாரு? அதுதான் கவாத்துக் கத்திய எடுத்து வெட்டியுட்டேனுங்க."

"தனியாவா?" என்றேன்.

"வேற ஆரு இருக்கறாங்க, சார்." பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார். "பெரியவர் வரவே இல்லீங்களே, அக்கா. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்."

அவர் வந்து, ஓடை வரை போய்த் திரும்பிவிட்டார் என்றேன். என் மனைவி குறிப்பைப் பிரித்து மெதுவாகப் படித்துக் காட்டினாள். "ஒன்றே ஒன்று" என்ற இடம் வந்ததும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் படியில் உட்கார்ந்து துணி சுற்றிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருகிற ஒரு ஆளுக்காகச் சரிவையே சீர்செய்து வைத்த மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு கேமராவைத் துடைத்தேன்.

தடம் பிரிகிற இடத்துக் கல்லில் பெயின்டால் அம்புக்குறி போடலாம் என்றேன். மலையில் எதையும் எழுதி வைக்கக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது, அது தெரியாதா என்றாள் மனைவி. வேறு அடையாளம் எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

"செடிய நம்பி எழுதாதீங்க்கா," என்றார் அந்தப் பெண். "அது வளரும், நாங்க வெட்டுவோம். இந்த வளவுல எல்லா ஊடும் பூட்டிக் கெடக்குது. கதவு தொறந்திருக்கற ஊடுன்னு எழுதிக்குங்க."

என் மனைவியின் பேனா நின்றது.

"தை மாசம் உங்க ஊட்டுக்காரர் வருவாருன்னீங்களே?" என்றேன்.

"நீங்க எழுதீட்டீங்கன்னா நான் எப்படீங்க, சார், பூட்டுவேன்? அவருகிட்ட நான் சொல்லிக்கறேனுங்க."

என் மனைவி அதையே எழுதினாள். மருந்துக்கடைப் பெரியவரிடம் குறிப்பைக் கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன். குளிர் குறையட்டும் என்று சொல்லி, பொங்கல் கழிந்த பிறகுதான் அவர் நடந்தார். திங்கட்கிழமை கடைக்குப் போனோம். மாத்திரைச் சீட்டில் போடுவதுபோல ஒவ்வொரு வரிக்கும் நேரே டிக் போட்டிருந்தார். கடைசி வரிக்கும் டிக் இருந்தது.

"கதவு தொறந்திருந்துச்சுங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"தொறந்துதானுங்க இருந்துச்சு. அந்தம்மா தோட்டத்துல இருந்தாங்க. ஊட்டுக்காரர்தான் டீ ஊத்திக் குடுத்தாரு. கூட்டிட்டுப் போலாம்னு திருப்பூர்ல இருந்து வந்தாராமா. அடுத்த ஞாயித்துக்கெழமை எத்தன பேருக்குப் போண்டா போடறதுன்னு எங்கிட்டக் கேக்கறாருங்க."