விரால் துள்ளிய தரிசு

இசைவாணிக்கு ரத்தம் கொதித்தது.

காளவாசல் மாடி அலுவலகத்தின் கணினித் திரையில் அவளுடைய ஊர்க் கண்மாய் பழுப்பு நிறத்தில் கிடந்தது. பழுப்பு என்றால் தரிசு. தரிசு என்றால் வீட்டுமனை போடலாம் என்று நாளைக்கு அரசுக்குப் போகும் அறிக்கை சொல்லிவிடும்.

நாற்று நட்டே இடுப்பொடிந்த அவள் அம்மா முத்துத்தாய், கூலிக்காசைச் சேர்த்து வாங்கிய அரை ஏக்கர் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. அதில் விளைந்த நெல்தான் இசைவாணியைப் புவியியல் படிக்க வைத்தது. வரைபடம் போடும் இந்த வேலையையும் தந்தது. இன்று அதே வேலை அம்மாவின் வயலில் மண் அள்ளிப் போடுவதா?

"அண்ணே, கண்மாய்க்கு யாரு பழுப்பு அடிச்சது?"

குழுத் தலைவர் சிவபாண்டி நிமிரவில்லை. "வைகாசியில எடுத்த செயற்கைக்கோள் படம்மா. மேகமே இல்ல, பளிச்சுன்னு இருக்கு. சொட்டுத் தண்ணியக் காணோமே."

"எந்தெந்த மாசம் தண்ணி நிக்கும்னு நான் வீடு வீடா விசாரிச்சு எழுதிக் குடுத்தேனே?"

"அது ஊர்க்கதை. படம் பொய் சொல்லுமா?"

நாற்காலி பின்னால் விழ எழுந்தாள்.

"படம் சொல்லல, நீங்கதான் சொல்றீங்க! சித்திரையில மீன்பிடித் திருவிழாவுக்கு வந்தீங்களே, மறந்துருச்சா? தண்ணி வத்துற நேரம், ஊர்ப் பெரியவர் துண்ட வீசுனதும் ஊரே கூடையோட இறங்குச்சே! மறுமாசம் எடுத்த படத்துல தண்ணி எங்கருந்து வரும்? புடிச்ச மீன விக்கக் கூடாதுங்கிறது ஊர் வழக்கம்னு எங்கம்மா உங்களுக்கு ஒரு விரால் குடுத்தாங்களே, அது எந்தத் தரிசுலண்ணே துள்ளுச்சு?"

பக்கத்து மேசைச் சரண்யாதேவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்புட்டுப் பெரிய விராலு! ஆபீசுக்கே குழம்பு கொண்டாந்தீங்களே அண்ணே."

சிவபாண்டியின் முகம் சுண்டிப்போனது. தன் நாற்காலியை அவள் திரைப்பக்கம் நகர்த்தினார்.

"மார்கழிப் படத்த எடும்மா."

எடுத்தாள். ஓரமெல்லாம் மேகம். நடுவில் கண்மாய், கரை முட்டத் ததும்பிக்கொண்டு. கரைக்குக் கீழே சின்னதாக ஒரு பச்சை. அம்மாவின் வயல்! இசைவாணிக்குக் கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு, பழுப்பை அழித்து நீலம் அடித்தாள்.

"அடுத்த சித்திரைக்கும் வாரேன்மா" என்றார் சிவபாண்டி, சமாதானமாக.

"வாங்க. ஆனா கரையில நிக்க விட மாட்டேன். சேத்துல இறங்கி நின்னு பாத்துட்டு அப்புறமா நிறம் அடிங்க!"