தோசை ஏன் பழுப்பாக இருந்தது

முதலில் கால் வீங்கியது. காலாப்பட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. மாலையில் பஸ் ஏறி சாரத்திலுள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தால், செருப்பு வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். நின்றே வேலை பார்ப்பதால் என்று நினைத்தேன். விடிந்தும் வடியாதபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய். டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம், மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் போதும் என்றார் டாக்டர்.

உணவு ஆலோசகர் சொன்னதை நான் நம்பவில்லை. கேழ்வரகு, கம்பு, சத்துமாவு எல்லாம் வேண்டாம் என்றார். அவற்றில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் (பழுதான சிறுநீரகம் சரியாக வெளியேற்றாத தாதுக்கள்) அதிகமாம். வெள்ளை அரிசியும் ரவையும் சாப்பிடலாமாம்.

"ஊரே வெள்ளை அரிசிய விடுன்னு சொல்லுதே மேடம்?"

"ஊருக்கு உங்க ரிப்போர்ட் இல்லைங்களே" என்றார்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். என் பட்டியல் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் பரிசோதனை முடிவைக் காட்டிக் கேளுங்கள்.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம். கோதுமை மாவு பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், உள்ளே சோயாவும் கடலையும் இருந்தன. மாவு மில்லில் எனக்கு முன்னால் யாரோ அரைத்த கம்பு மெஷினில் தங்கியிருக்குமோ என்று பயந்தேன்.

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த என் கணவர் ராஜவேலு, சமையலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவரை மட்டும் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

மூன்றாம் மாதம் பொட்டாசியம் ஏறியது. லேபில் தப்பு என்று நினைத்து வேறு லேபில் இரத்தம் கொடுத்தேன். அங்கேயும் அதே முடிவுதான். டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு உடனே அட்மிட் ஆகச் சொன்னார்.

"இன்னும் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறிடும்மா. வீட்டுல என்ன சாப்புடுறீங்க?"

படுக்கையில் கிடந்து ஒவ்வொரு வேளையாக யோசித்தேன். சில வாரங்களாகவே தோசை பழுப்பாக இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, கல் அதிகமாகக் காய்ந்துவிட்டது என்றிருந்தார் ராஜவேலு. அவர் ஃபிளாஸ்க்கோடு வந்ததும் கேட்டேன்.

"மாவுல என்ன கலக்குறீங்க?"

ஃபிளாஸ்க் மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"சத்துமாவு. ரெண்டு கரண்டிதான். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு விஜயா, பாக்க முடியல. வெள்ளச் சோத்துல என்னா இருக்குது?"

"அந்தம்மா அவ்ளோ சொன்னாங்களே."

"அவங்கள நான் நம்பல."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் முதலில் நம்பாதவள் நான்தானே. டாக்டரிடம் அவரே போய்ச் சொன்னார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

சில நாட்களில் பொட்டாசியம் இறங்கியது, வீட்டுக்கு வந்தேன். இப்போது ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைக்கும்தான் எனக்குக் காலம். உடம்பு லேசாக இருக்கும் நாட்களில்கூட அதை நான் நம்புவதில்லை. வலியே காட்டாமல் ஒருமுறை என்னை ஏமாற்றிய உடம்பு இது.

அரிசி ஊறப்போடும்முன் அவர் என்னைக் கூப்பிடுகிறார். ஆலோசகர் சொன்ன அளவுக்கு உளுந்தை அளந்து, கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டுகிறார். அப்படிக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.