உங்கள் அம்மாவின் பயோடேட்டாவில் ஒன்றரை வருடம்

பாப்பா, தம்பி, இதை நீங்கள் படிக்கும்போது உங்களுக்கே வேலைக்கு மனுப் போடும் வயது வந்திருக்கலாம். இல்லை, அதற்கு முன்பே இந்த நோட்டைத் தேடி எடுத்து, அப்பா கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டிருக்கலாம். சிரியுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். பிள்ளை பெறுவதற்காக லீவில் இருந்த பெண், அடுத்த வேலை கேட்கும்போது அதைச் சொல்லலாமா, மறைக்கலாமா என்பதைப் பற்றி எழுதப் போகிறேன். இந்த விஷயத்தில் நான் பெரிய ஆராய்ச்சி செய்திருக்கிறேன். ஆராய்ச்சி என்னுடையது, அடி வாங்கியது உங்கள் அம்மா.

உங்கள் அம்மா லேப் டெக்னீஷியன். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு வருடம் ரத்தம் எடுத்தாள். ஊசி குத்தினதே தெரியாது என்று வயசானவர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். தம்பி, நீ பிறக்கப் போகிறாய் என்றதும் ஆறு மாதம் லீவு கொடுத்தார்கள். கேக் வெட்டி, ஒரு பிளாஸ்டிக் கூடையில் பழம் வைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். தாராள மனசுக்காரர்கள். லீவு முடிந்து அவள் திரும்பிப் போனபோது அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தது. "நீங்க இன்னும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கம்மா, நாங்களே கூப்பிடுறோம்" என்றார்கள். எவ்வளவு அக்கறை! எங்கள் லாரி ஓனர் எனக்கு நூற்றிமூன்று டிகிரி காய்ச்சல் அடித்தபோதுகூட ரெஸ்ட் எடுக்கச் சொன்னதில்லை.

அந்த ரெஸ்ட் இன்னும் ஒரு வருடம் நீண்டது. விடியக்காலம் எழுந்து, சோறாக்கி, பாப்பாவுக்குச் சடை பின்னி ஸ்கூல் வேனில் ஏற்றி, தம்பியின் துணியை ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அலசி, நன்றாக ரெஸ்ட் எடுத்தாள்.

அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவளுடைய பழைய சிநேகிதி வாட்ஸப்பில் அனுப்பியது. அன்றைக்கே உட்கார்ந்து தன் விவரத்தை எல்லாம் ஒரு தாளில் எழுதினாள். படிப்பு, நாலு வருட வேலை, அப்புறம் ஒரு வரி: ஆறு மாதம் பேறுகால விடுப்பு, அதன் பிறகு குழந்தையைக் கவனிக்க வீட்டில் இருந்தேன்.

உடனே தெருவில் இருந்த வல்லுநர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். இன்டர்வியூ என்றால் என்னவென்றே பார்க்காதவர்களுக்குத்தான் இன்டர்வியூ பற்றி நிறையத் தெரிந்திருந்தது. எதிர் வீட்டு அக்கா சொன்னது: "அடியே, அத மட்டும் எழுதாத. கைப்புள்ளக்காரின்னு தெரிஞ்சா மாசத்துல பாதி நாளு லீவு போடுவான்னு நெனப்பானுவ."

"நான் என்னக்கா ஜெயில்லயா இருந்துட்டு வந்தேன், மறைக்கிறதுக்கு?" என்றாள் உங்கள் அம்மா.

"ஜெயிலுன்னாகூட நன்னடத்தைன்னு வுட்டுருவாங்கடி. இது அப்புடி இல்ல."

எனக்கு அந்த அக்கா சொன்னது மண்டையில் ஏறிவிட்டது. நல்லது சொன்னால் ஏறாத மண்டை.

தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு டைப் அடிக்கப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஒரே படிவத்தில்தான் கல்யாணத்துக்கும் வேலைக்கும் பயோடேட்டா போடுவார். உங்கள் அம்மாவின் பெயருக்குக் கீழே ராசி, நட்சத்திரம், லக்கினம் என்று காலியாக நின்றது. அதை அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டு, அவர் அந்த ஒரு வரியில் வந்து நின்றார்.

"அண்ணே, இது எதுக்குண்ணே? பாத்த ஒடனே தூக்கி ஓரமா வச்சிருவாங்க."

"அப்ப எடுத்துருங்க."

"எடுத்தா ஒன்ற வருஷம் ஓட்டையா இருக்கும். என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு கேப்பாங்கல்ல? ஏதாவது போட்டு அடைங்க. எந்த ஊரு லேப்பப் போடலாம்?"

அந்த இடத்தில் என் அறிவு வேலை செய்தது. பெரம்பலூர் என்றால் விசாரிப்பார்கள். ஜெயங்கொண்டம் என்றாலும் யாராவது இருப்பார்கள். ஆண்டிமடம் என்றால் முந்திரிக்காடு, அதில் போய் எவன் லேப்பைத் தேடப் போகிறான்? "ஆண்டிமடத்துல ஒரு லேப்புன்னு போடுங்க" என்றேன். கடைக்காரர் அதற்கு ஒரு சாமி பெயரையும் வைத்தார். ரெண்டு நிமிஷத்தில் நான் ஒரு லேப் கட்டி, திறந்து, உங்கள் அம்மாவை அதில் ஒன்றரை வருடம் வேலை பார்க்கவும் வைத்துவிட்டேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. வேலை பார்த்த விவரம் முதல் பக்கத்தில், கையெழுத்துப் போடும் இடம் ரெண்டாம் பக்கத்தில். தம்பிக்கு அவள் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ரெண்டாம் பக்கத்தை மட்டும் நீட்டினேன். இடது கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வலது கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தாள். கட்டின புருஷன்தானே என்ற நம்பிக்கை.

இன்டர்வியூ நாளில் பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு மூவரும் அரியலூர் பஸ் ஏறினோம். வழியெல்லாம் எங்களுடைய சுண்ணாம்புக்கல் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. மற்ற நாளில் நானும் அப்படி நின்று பஸ்ஸில் இருப்பவர்களிடம் திட்டு வாங்குகிறவன்தான். அன்றைக்கு பஸ்ஸுக்குள் இருந்து நானும் திட்டினேன்.

அவள் உள்ளே போனாள். தம்பியும் நானும் ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்து நிழலில் நின்றோம். ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, தம்பியின் கன்னத்தைக் கிள்ளினார். சட்டைப் பையில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கியது.

"யாரு புள்ள? கொழுகொழுன்னு இருக்கான்."

வீட்டில் கைப்பிள்ளையே இல்லாத மாதிரி காகிதம் தயார் செய்திருக்கிறேன், பிள்ளை வாசலில் நிற்கிறது.

"எங்க அக்கா புள்ளைங்க சார்" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு திரும்பினார். தம்பி, அந்த நேரம் பார்த்து நீ என் மீசையைப் பிடித்து இழுத்து, "அப்பா, பிஸ்கோத்து" என்றாய். உனக்கு அப்போது தெரிந்ததே பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். அதில் ரெண்டை அங்கேதான் சொல்ல வேண்டுமா?

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர்தான் மேனேஜர். அவருடைய சொந்த ஊர் ஆண்டிமடம்.

உள்ளே நடந்ததை உங்கள் அம்மா பிறகு சொன்னாள். அவர் தாளைப் புரட்டிவிட்டு, "ஆண்டிமடமா? நம்ம ஊருதாம்மா. இந்த லேப்பு எந்தத் தெருவுல இருக்கு?" என்று சந்தோஷமாகக் கேட்டிருக்கிறார். ஊர்க்காரி என்று நினைத்துவிட்டார் போல. உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தாளைக் கொடுங்கள் என்று வாங்கி, தான் ஒன்றரை வருடம் உழைத்த இடத்தை முதல் முறையாகப் படித்திருக்கிறாள்.

"சார், இது நான் எழுதுனது இல்ல. அந்த ஒன்ற வருஷமும் நான் புள்ள பெத்துக்கிட்டு வூட்லதான் இருந்தேன்."

"கையெழுத்து யாருதும்மா?"

"என்னுதுதான் சார்."

கொஞ்ச நேரத்தில் மேனேஜரே அவளோடு வாசலுக்கு வந்தார்.

"நீங்கதான் எங்க ஊருல லேப்பு கட்டுனவரா?"



"இங்க பாருங்க தம்பி, புள்ள பெத்ததெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. ஆனா பொய் எழுதுன கையால நாளைக்கு ரிசல்ட்டு எழுதச் சொன்னா, நோயாளிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். போகும்போது, "அக்கா புள்ளைய வாசல்லயே நிக்க வைக்காதீங்க" என்றும் சொன்னார்.

பிள்ளை பெற்றது ஒரு விஷயமே இல்லை என்று அவர் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நான்தான் அடைத்துவிட்டேன், ஜெராக்ஸ் கடைக்காரர் துணையோடு.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும் உங்கள் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எந்த அக்கா?"

"என்னது?"

"அக்கா புள்ளன்னு சொன்னீங்களாமே. ஒங்களுக்குத்தான் அக்காவே கெடையாதே. நான் இருந்த லேப்பு மாதிரி அதையும் ஜெராக்ஸ் கடையில அடிச்சீங்களா?"

பக்கத்து சீட்டில் இருந்தவர்கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தம்பி, என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பித்தானைக் கடித்துக்கொண்டிருந்த உன்னை, யாரோ ஒருத்தருடைய பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வேலைக்காக. அதுவும் கிடைக்காத வேலைக்காக.

அதற்குப் பிறகு அவளே ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பக்கத்தில் நின்று, தான் எழுதிய வரியை எழுதியபடியே டைப் அடித்து வாங்கினாள். உண்மை ஜெயித்தது என்று இந்த இடத்தில் எழுத எனக்கும் ஆசைதான். பெரம்பலூரில் ரெண்டு இடத்துக்குப் போனாள். முதல் இடத்தில் சுவர் முழுக்கத் தாய்ப்பாலின் மகத்துவம் பற்றிப் படம் ஒட்டியிருந்தார்கள். அந்த வரியைப் படித்ததும், "தாய்மைய நாங்க ரொம்ப மதிக்கிறோம்மா" என்றார்கள். மதித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ரெண்டாவது இடத்தில், "அடுத்ததுக்கு ஐடியா இருக்கா?" என்று கேட்டார்கள்.

"ஆபரேஷன் பண்ணியாச்சு சார். சர்டிபிகேட் வேணுங்களா?" என்றாள் அவள். வேண்டாம் என்றார்கள். அவளையும் வேண்டாம் என்றார்கள்.

ஆக, மறைத்ததால் ஒரு வேலை போனது, சொன்னதால் ரெண்டு வேலை போனது. கணக்குப்படி பார்த்தால் மறைப்பதே லாபம் என்று நான் சொல்லப் போனேன். அவள் பார்த்த பார்வையில் அந்தக் கணக்கை நானே அழித்துவிட்டேன்.

எனக்கு லாரி வேலை கிடைத்த கதையையும் சொல்கிறேன். ஓனர் ரெண்டே கேள்விதான் கேட்டார்: தண்ணி அடிப்பியா, ரிவர்ஸ் நல்லா எடுப்பியா? பாப்பா பிறந்தபோது, "புள்ள பொறந்துடுச்சில்ல, இனிமே பொறுப்பா வருவான்" என்று எல்லாரிடமும் சொல்லிப் புது வண்டியை என் கையில் கொடுத்தார். தம்பி பிறந்தபோது இன்னும் பொறுப்பு கூடிவிட்டது என்றார். இருப்பது அதே ரெண்டு பிள்ளைகள். என் பக்கம் வந்தால் மார்க் கூடுகிறது, உங்கள் அம்மா பக்கம் போனால் குறைகிறது. இந்தப் பாடத்தை எந்த ஸ்கூலில் நடத்துகிறார்கள் என்று தெரியவில்லை, எல்லா முதலாளிகளும் பாஸ் செய்திருக்கிறார்கள்.

நாலாவதாக அரியலூரில் ஒரு சின்ன லேப். நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்.

"புள்ளைக்குக் காய்ச்சல்னா என்ன பண்ணுவ?"

"அவங்கப்பா இருக்காருங்க மேடம்."

"லாரி ஓட்டுறாருன்னு போட்டிருக்க. வண்டிய வுட்டுட்டு வூட்ல இருப்பாரா?"

"இருப்பாருங்க."

திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். அதை என்னிடம் கேட்டுச் சொன்னாளா என்றால், இல்லை. நான் கேட்காமல் லேப் கட்டினேன், அவள் கேட்காமல் எனக்கு லீவு எழுதிக் கொடுத்தாள்.

அங்கே ஏன் ஆள் தேவைப்பட்டது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்தில் இருந்த பெண் முந்தின வாரம்தான் பிள்ளைப்பேறுக்கு லீவில் போயிருந்தது. முதல் நாள் சாயங்காலம் உங்கள் அம்மா சந்தோஷமாக வரவில்லை.

"அந்தப் புள்ளையோட டிபன் டப்பா இன்னும் டேபிள் அடியிலயே இருக்குங்க" என்றாள்.

"நீ என்ன பண்ணுன?"

"கழுவி வச்சுட்டு வந்தேன். அது திரும்பி வந்தா எங்க ஒக்கார வைப்பீங்கன்னு மேடத்தக் கேட்டேன். வரட்டும், பாப்போம்னாங்க."

நான் ஆறுதல் சொல்லவில்லை. என் ஆறுதல்களின் தரம் அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா தொட்டுப் பார்த்தாள், மருந்து ஊற்றினாள், என்னைப் பார்த்தாள். "போயிட்டு வா" என்றேன். ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பாப்பாவும் ஸ்கூலுக்குக் கிளம்பியாயிற்று. ஒன்பது மணிக்கு நான் லோடு ஏற்றப் போக வேண்டும்.

தம்பி என் தோளில் தூங்கிவிட்டான். அடுப்பங்கரையில் நின்று போனை எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன்: "அண்ணே, எனக்குக் குளிரு காய்ச்சல், எந்திரிக்கவே முடியல." கொஞ்சம் இருமலும் சேர்த்திருந்தேன், நன்றாகவே வந்திருந்தது. இத்தனை வருடமாக வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அவருக்குச் சொல்வது என் காய்ச்சலைத்தான். பிள்ளைக்காக வேலைக்கு வரவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர் இன்னும் கேட்டிருக்கவில்லை. அதை அழித்தேன். தம்பியின் சூடு சட்டையைத் தாண்டிக் கழுத்தில் அடித்தது. பட்டனை மறுபடி அழுத்திப் பிடித்தேன். "அண்ணே, எம்புள்ளைக்குக் காய்ச்சல். அவங்கம்மா வேலைக்குப் போயிருக்கு. நான்தான் பாத்துக்கணும், இன்னைக்கு வண்டிக்கு வரல" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தேன்.