சட்டையைக் கழற்றும் இடம்

இந்த ஊர் நீச்சல் குளத்தில் தண்ணீருக்குள் இறங்கும் முன் ஒரு பொட்டுத் துணி இல்லாமல் குளிக்க வேண்டும். நீச்சலுடையோடு குளித்தால் மேற்பார்வை பார்க்கும் பெண்மணி வந்து தோளைத் தட்டிச் சுவரில் இருக்கும் அறிவிப்பைக் காட்டுவார். குளித்த பிறகு சௌனா. மரப்பலகை அடித்த சின்ன அறை, ஒரு மூலையில் சுடுகல் அடுப்பு, அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் ஆவி. அதற்குள்ளும் அதே கோலம்தான். பெண்களுக்குத் தனி அறை என்பது ஒன்றுதான் ஆறுதல். கணவரோடு பின்லாந்துக்கு, அதிலும் தம்பேரே நகரத்துக்கு வந்து எவ்வளவோ பழகிவிட்டது. பனியில் வழுக்காமல் நடக்கப் பழகினேன், கறுப்பு ரொட்டி பழகியது, பள்ளிக்கூடச் சமையலறையில் உப்பில்லாத உருளைக்கிழங்கைக் கூடை கூடையாக அவிக்கிற வேலையும் பழகியது. இது மட்டும் பழகவில்லை. குளியலறைத் தாழ்ப்பாளை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் குளிக்கிற கடலூர்க்காரி நான். துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு மேல் பலகையின் ஓரத்தில் அடைக்கோழி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை என் எதிரே ஒரு வயதான அம்மாள் வந்து உட்கார்ந்தார். மார்யத்தா என்று பெயர், அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அடிக்கடி பார்க்கிற முகம். அவர் வயிற்றின் இடப்பக்கம், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, தோல் நிறத்தில் ஒரு பை ஒட்டியிருப்பதை அன்றுதான் கவனித்தேன். ஒரு வாரத்துக்கு முன்பு என்றால் அது என்னவென்றே எனக்குத் தெரிந்திருக்காது. பார்க்கக் கூடாது என்று சட்டென எழுந்து கீழ்ப் பலகைக்குப் போனேன். எனக்குச் சூடு தாங்கவில்லை என்று நினைத்து அவர் பரிவோடு கதவைத் திறந்துவிட்டார். ஆவி மொத்தமும் வெளியே போனது, மற்ற பெண்கள் என்னை முறைத்தார்கள். கடைசியில் எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபின்னிஷில் உண்மையைச் சொல்லிவிட்டேன். என் அப்பாவுக்கும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள் என்றேன். மார்யத்தா பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னார். மலக்குடலில் புற்று, அறுத்து எடுத்துவிட்டார்கள், இது அவன்னே. குடலின் முனையை வயிற்றில் கொண்டுவந்து வைத்த வாய். அதில் வலி கிடையாது, பயப்பட ஒன்றும் இல்லை, உன் அப்பாவும் நன்றாக நீந்தலாம் என்றார். அப்பாவுக்கு நீச்சலே தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. புயல் அடித்த வருடங்களில் ஊரே இருட்டில் கிடக்க, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறினவர். அப்படிப்பட்ட மனிதருக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் மலத்தில் ரத்தம் என்றால் அது மூலம்தான், வேறு எதுவாகவும் இருக்க அதற்கு அனுமதி கிடையாது. அம்மா துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுத்தாள், கருணைக்கிழங்கு மசித்தாள், சூடு என்று கோழிக்கறியை நிறுத்தினாள். மாதக்கணக்கில் இது நடந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை, பெற்ற மகளிடம் பேசுகிற விஷயமா அது. உடம்பு இளைத்ததும், கீரையால் கெட்ட கொழுப்பு கரைகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. கடைசியில் ஒரு டாக்டர் உறை போட்ட விரலால் சோதித்த உடனேயே கட்டி தட்டுப்பட்டது. அப்புறம் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மலக்குடலின் கீழ்க்கோடியில் புற்று. வேறு இடத்துக்குப் பரவவில்லை.

சேதி பரவியதும் உறவுக்காரர்கள் போன் மேல் போன். அவர்களுக்கு எல்லாமே ‘வயித்துல கேன்சர்’. ஒருவருக்குத் தெரிந்தவர் வெறும் மாத்திரையில் பல வருடம் இருக்கிறாராம், இன்னொருவருக்குத் தெரிந்தவர் கத்தி வைத்த மாதமே போய்விட்டாராம். விசாரித்தால் ஒருவருக்கு ரத்தப் புற்று, மற்றவருக்குக் கணையத்தில். வயிறு என்று நாம் தடவிக் காட்டுகிற இடத்தில் இரைப்பை இருக்கிறது, கல்லீரல், கணையம், பெருங்குடல், மலக்குடல் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றின் புற்று இன்னொன்றைப் போல நடந்துகொள்வதில்லை, ஒன்றின் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. இதைப் போனில் விளக்கி விளக்கி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அப்பாவுக்கு டாக்டர்கள் சொன்ன வழி இது: முதலில் கதிர்வீச்சும் கூடவே மாத்திரையும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது, சில வாரம் பொறுத்து அறுவை சிகிச்சை, பிறகு நரம்பு வழியாக மருந்து. கட்டி இன்னும் மேலே இருந்திருந்தால் வெட்டிய குடலைத் திரும்ப இணைத்திருக்கலாம். இது ஆசனவாயை ஒட்டி இருப்பதால் அதையும் சேர்த்து எடுத்துத் தைத்து மூடிவிட வேண்டும். ஆகவே வயிற்றில் ஒரு வாய், அதன் மேல் பை, ஆயுசுக்கும்.

கதிர்வீச்சுக்குக் கடலூரில் ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் பெயர். வாரத்தில் ஐந்து நாள் அம்மாவோடு பஸ் ஏறிப் புதுச்சேரி போய் வைத்துக்கொண்டு வந்தார். “சர்வீஸ் பூரா ஊருக்கு கரண்ட் குடுத்தேன், இப்ப எனக்கே வெக்கிறாங்க” என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தாராம். அது முடிந்ததும் ரத்தம் நின்றது, பசி எடுத்தது. அவ்வளவுதான், கரண்டிலேயே எல்லாம் போய்விட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார். சிலருக்கு அப்படி முழுக்க மறைந்துபோவதும் உண்டு, அவர்களை அறுக்காமல் கவனித்து வருவார்கள் என்று மார்யத்தா மூலமும் டாக்டர் மூலமும் தெரிந்துகொண்டேன். ஆனால் அப்பாவின் புதிய ஸ்கேனில் கட்டி சுருங்கித்தான் இருந்தது, போகவில்லை. ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் மறுபடி வளரும், பரவும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் நான் விமானம் ஏறினேன்.

வீட்டில் கால் வைத்ததிலிருந்து நானும் விடவில்லை, அவரும் அசையவில்லை. படம் காட்டினேன், வரைந்து காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கத் தெருமுனைக்குப் போய்விடுவார். என் கடைசி ஆயுதம் மார்யத்தாதான். வயிற்றில் பையோடு அந்த அம்மாள் நீந்துகிறார், சௌனாவில் எல்லார் முன்பும் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று உற்சாகமாகச் சொன்னேன். அப்பா கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தார். ஒருவழியாக மனசு இறங்குகிறது என்று நினைத்தேன்.

“எல்லாரும் துணி இல்லாமவா குந்தியிருப்பாங்க?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“நீ அங்க எதுக்கு போன?”

அன்று முழுக்க அதே பேச்சுதான். மாப்பிள்ளைக்குத் தெரியுமா, அங்கே கேமரா வைத்திருந்தால் என்ன செய்வாய், வீட்டில் வெந்நீர் வராதா என்று அம்மாவை விட்டும் கேட்க வைத்தார். புற்றுநோயை அவரும் மறந்தார், நானும் மறந்தேன். அந்த நாட்டில் எனக்குப் பாதி தைரியம் தந்த ஒரு காட்சி இந்த நாட்டில் என் மானத்தை வாங்கிவிட்டது. நான் எந்த நாட்டுக்காரியாகப் பேசுகிறேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தது சிதம்பரத்தில். நானும் அம்மாவும் வற்புறுத்தி அழைத்துப் போனோம். அவரும் பொறுமையாகச் சொன்னார், இப்போது செய்தால் நன்றாகக் குணமாக வாய்ப்பிருக்கிறது, தள்ளிப்போட்டால் அப்படிச் சொல்ல முடியாது என்று. அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். வெளியே வந்து கோயிலுக்குப் போகலாம் என்றார். சிதம்பரம் வந்தால் கோயிலுக்குப் போகாமல் திரும்புகிறவர் இல்லை. சட்டை போட்ட ஆண்களை அங்கே சபையில் ஏற விடமாட்டார்கள். சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டி, சபைக்கு மேலே ஏறிக் கிட்டத்தில் நின்று நடராஜரைப் பார்க்க வேண்டும் அவருக்கு. சின்ன வயதில் அந்த வெறும் தோளில் உட்கார்ந்துதான் நான் பார்த்திருக்கிறேன். கம்பம் ஏறி ஏறிக் காய்த்த தோள், என் தொடையில் சொரசொரவென்று உரசும்.

நானும் அம்மாவும் தரிசனம் முடித்துச் சிவகங்கைக் குளப் படியில் உட்கார்ந்திருந்தோம். அப்பா ரொம்ப நேரம் கழித்து வந்தார். சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். விலா எலும்புகள் தெரிந்தன. இந்த மனிதர் இல்லாமல் போய்விடுவார் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு நிஜமாக உறைத்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, ஏன்தான் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம்தான் சொன்னார்.

“வயித்துல பீயைக் கட்டிகினு எப்படி சாமி முன்னாடி போயி நிக்கிறது? சட்டைய கழட்டுனா எல்லாருக்கும் தெரியும். தெரியலன்னாலும் எனக்குத் தெரியுமில்ல.”

வலிக்குப் பயம், மயக்க ஊசிக்குப் பயம் என்று என்னென்னவோ நினைத்து அதற்கெல்லாம் பதில் தயார் செய்துவைத்திருந்தேன். இது என் பட்டியலிலேயே இல்லை. அம்மாவுக்கு அப்பா தாய்மாமன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஒரே அழைப்புதான். அவள் பூக்காரியிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

“ஏன் மாமா, உள்ள போன அத்தினி பேரும் அதை வயித்துக்குள்ள வெச்சிகினுதான போறாங்க. கழட்டி வெளிய வெச்சிட்டா போறாங்க? ஒங்களுக்கு ஒரு விரக்கடை வெளிய இருக்கும். அவ்ளோதான்.”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துண்டால் துடைத்தார். சுத்தம், அசுத்தம் பற்றி நான் படித்த ஒரு வரியும் அம்மா சொன்னதற்குக் கிட்டே வராது. சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த டாக்டர் இன்னும் இருப்பாரா என்று கேட்டார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், திறப்பு எங்கே வர வேண்டும் என்று வயிற்றில் பேனாவால் குறித்தார்கள். நர்ஸ் உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்த்தார். பேன்ட் போடுகிறவருக்கும் வேட்டி கட்டுகிறவருக்கும் இடம் மாறுமாம், இடுப்புக் கட்டு அதன் மேல் அழுத்தக் கூடாது. கோயிலுக்குப் போகிற மாதிரியே வேட்டியையும் துண்டையும் கட்டிக் காட்டுங்கள் என்று அம்மா அப்பாவை நிறுத்திவைத்து, துண்டுக்குள் மறைகிற மாதிரி இடத்தைப் பார்த்துக் குறிக்க வைத்தாள். மகள் முன்னால் கூச்சம் என்று என்னைத் திரைக்கு வெளியே அனுப்பிவிட்டார் அப்பா. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இரண்டு பேரும் கல்யாணத்துக்குத் துணி எடுக்கிற மாதிரி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

சிகிச்சை நல்லபடி முடிந்தது. எளிதாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கீழே தைத்த காயம் ஆறத் தாமதமானது, உட்கார முடியாமல் தவித்தார். முதல் முறை பையை மாற்றும்போது, சிவந்து ஈரமாக இருந்த அந்தத் திறப்பைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மாதான் பார்த்தாள், துடைத்தாள், ஒட்டினாள். கொஞ்ச நாளில் அவரே மாற்றிக்கொள்ளப் பழகினார். பழைய வேட்டியைக் கிழித்துப் பைக்கு மேல் போட அம்மா உறை தைத்தாள். எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் தண்ணீர்க் குடமும் அவள் இடுப்புக்குப் போனது. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வந்து நான் கிளம்ப வேண்டியதாயிற்று. மருந்து ஏற்றுகிற மாதங்களைப் போனிலேயே பார்த்தேன். வாய்ப்புண், வாந்தி, கை கால் மதமதப்பு என்று அம்மா ஒன்று விடாமல் சொல்லுவாள். அப்பா பின்னாலிருந்து அதெல்லாம் ஜாஸ்தி இல்லை என்பார்.

மார்கழியில் சிதம்பரம் கோயிலின் தரிசனக் கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு நாள் காலை, நான் வேலைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். எட்டு மணிக்கும் இங்கே விடிந்திருக்காது, பனி கொட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. உறையோடு தொட்டால் திரை கேட்காது, ஒரு கை உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி எடுத்தேன். திரையில், கண் கூசுகிற வெயிலில் கோயிலின் கீழ வீதி தெரிந்தது. அம்மா போனை ஆட்டி ஆட்டி வானத்தையும் செருப்புக் கடையையும் காட்டிவிட்டுக் கடைசியில் அப்பாவிடம் நிறுத்தினாள். வெற்று மார்பில் திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்திருந்தது. இடுப்பில் துண்டு, தோளில் சட்டை. கோயிலை விட்டுத் தெருவுக்கு வந்தும் அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

“கிட்ட போயி நின்னு பாத்தேன் பாப்பா” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “அது இருக்குதுன்னே எனக்கு நெனப்பு வரல” என்றார்.

பஸ் வந்து கதவைத் திறந்தது, ஓட்டுநர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்துப் போகச் சொன்னேன். அப்பா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, படத்தின் ஓரத்தில் தெரிந்த என் விரலைப் பார்த்தார். செவந்து கெடக்குதே, உறைய போட்டுக்க என்று அதட்டினார். போடுகிறேன் என்றேன். உறைக்குள் இருந்த இன்னொரு கை கதகதப்பாக இருந்தது. கடலூர்க்காரர்கள் இரண்டு பேரையும் போனில் ஏந்திக்கொண்டிருந்த கை மரத்துப்போய்விட்டது, அதை உறைக்குள் விட எனக்கு மனம் வரவில்லை.