சிப்பாய்க்குத் தண்ணீர்

வயலூர் ரோட்டில் நான் படித்த ராணுவப் பயிற்சி அகாடமியின் வாசலில் ஒரு சிப்பாய் சிலை நிற்கிறது. படித்த என்பது பெரிய வார்த்தை. காலையில் ஓடுவோம், மதியம் கணக்குப் போடுவோம், சாயங்காலம் மறுபடியும் ஓடுவோம். அகாடமியை நடத்திய ஓய்வுபெற்ற ஹவில்தார், போரில் இறந்தவர்களின் நினைவாக அந்தச் சிலையை வைத்தார். செய்தவர் கிராமத்துக் கோயில்களுக்குச் சுதைச் சிற்பம் செய்கிறவர். அதனால் சிப்பாய்க்கு உருட்டிய விழி, காது வரை மீசை. ஹவில்தார் வற்புறுத்திக் கேட்டதால் பூட்ஸ் இருந்தது. பூட்ஸுக்கு மேல் தண்டையும் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்துத் தெருப் பெண்கள் அதன் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவார்கள். ஹவில்தார் முதலில் ஆட்சேபித்தார். பிறகு எங்களுக்கு ஜூஸ் கிடைத்தது.

ராணுவத்துக்குத் தேர்வானவன் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து, அகாடமி வரை ஓடிவந்து, சிலையைக் குளிப்பாட்ட வேண்டும். தேர்வாகாதவன் சிலையைத் தொடக்கூடாது. யாரும் தேர்வாகாத வருடங்களில் சிலை அழுக்காகவே நின்றது.

நான் வையம்பட்டிக்காரன். என் நண்பன் பச்சைமலைக்காரன். இருவரும் ஓட்டத்தில் தேறினோம், எழுத்துத் தேர்விலும் தேறினோம். மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு அட்டையைக் காட்டி, அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். இருபத்தொன்று என்றேன்.

"நல்லாப் பாருங்க."

நன்றாகப் பார்த்து மறுபடியும் இருபத்தொன்று என்றேன். அது எழுபத்துநாலாம். எனக்குச் சில நிறங்கள் பிரிந்து தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"அதான் தீபாவளிக்கு அந்தச் சட்டைய எடுத்தியா?" என்றார்.

அந்த முறை பச்சைமலைக்காரன் ஒருவன்தான் தேர்வானான். நான் யாரோடும் பேசாமல் வீட்டிலேயே கிடந்தேன். அவன் வையம்பட்டிக்கே வந்து, "தனியா ஓட போரடிக்கும். கூட வாடா" என்றான். மறுக்கக் காரணம் தேடினேன். கிடைக்காததால் கிளம்பினேன்.

சித்திரை மாதம். ஆற்றில் மணல்தான் ஓடியது. பக்தர்கள் குளிப்பதற்காகப் படித்துறையில் வைத்திருந்த ஷவரின் கீழ் குடத்தைப் பிடித்தான். பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்ற பெரியவர், "எந்தப் பெருமாளுக்குத் திருமஞ்சனம்?" என்று கேட்டார்.

"பெருமாள் இல்லீங்க. சிப்பாய்."

"க்ஷேமமா இருங்கோ" என்று தள்ளி நின்று இடம் விட்டார்.

காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது அவன் கணுக்கால் மடங்கியது. அவன் விழுந்தான். குடம் விழவில்லை. கண் முன்னாலேயே கால் வீங்கியது. பயிற்சிக்குச் சேர வேண்டிய நாள் பக்கத்தில் இருந்தது.

"நொண்டிக்கிட்டே போயிடுவேன்" என்றான்.

"இன்னும் வீங்கி, ட்ரெயினிங்ல போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்கடா. ஆட்டோவுல ஏறு."

"தண்ணி ஆட்டோவுல போகக்கூடாது. நீ எடுத்துட்டு ஓடு."

"நான் தொடக்கூடாதே."

"சிலையைத்தானே தொடக்கூடாது? குடத்தைப் பத்தி யாரு சொன்னா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஓடினேன். தில்லைநகரில் ஒரு டீக்கடைக்காரர், "உங்க ஏரியாவுலயும் தண்ணி வரலையா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். புத்தூர் வந்தபோது, ராணுவத்துக்காக ஓடும் கடைசி ஓட்டம் இது என்று புரிந்தது. அழுதேன். வியர்வையோடு வியர்வையாகப் போயிற்று.

அகாடமியில் அவன் பிளாஸ்டிக் நாற்காலியில், காலில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தான். ஹவில்தார் என்னையும் குடத்தையும் பார்த்தார்.

"நீ மெடிக்கல்ல போனவன்தானே?"

"ஆமா சார்."

சிலையின் மேல் ஏணி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் ஏணியைப் பார்த்தார், அவன் காலைப் பார்த்தார், பிறகு தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

"நீ ஏறு" என்றார்.

ஏறினேன். தலையில் ஊற்றியதும் பழைய புழுதியெல்லாம் சேறாக வழிந்தது. கீழே ஹவில்தார் கத்திக் கட்டளையிட, வரிசையில் நின்ற அகாடமிப் பையன்கள் எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். சிலைக்குத்தான். ஆனால் நடுவில் நான் இருந்தேன். திருப்பி அடிப்பதா என்று தெரியவில்லை. ஒரு கையில் குடம், இன்னொரு கையில் சிப்பாயின் மீசை. அப்படியே நின்றேன். நாற்காலியில் இருந்தவன் மட்டும் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்த வருடம் தேர்வானவர்களோடு தேர்வாகாதவர்களும் குடம் மாற்றி மாற்றி ஓடினார்கள். விதி மாறியதாக ஹவில்தார் அறிவிக்கவில்லை.

இப்போது நான் தென்னூரில் ஒரு பார்சல் ஆபீஸில் வேலை செய்கிறேன். அவன் வடக்கே எங்கோ குளிரில் இருக்கிறான். அவன் பயிற்சிக்குக் கிளம்பிய நாளில் வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனபோது, "கால் எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"எந்தக் கால்?" என்று கேட்டுவிட்டு, நேராக நடந்து போய் ரயிலில் ஏறினான்.